அணில் நடுவுக்கு வந்த கதை

“கடைசி நிமிஷத்துல காலை வாரிட்டானேம்மா!”

சித்தப்பாவுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் லேத் மிஷின் முன்னால் நின்றே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. பேரன் புண்ணியத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்கள் மூன்றையும் பார்த்து முடித்திருந்தார். மலை, காடு, சதுப்பு எல்லாம் தாண்டி எரிமலையின் வாய் வரைக்கும் வந்துவிட்டு, தீய சக்தி கொண்ட அந்த மோதிரத்தை நெருப்பில் போட்டு அழிக்கவேண்டிய இடத்தில் ஃப்ரோடோ “மாட்டேன், இது எனக்குத்தான்” என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். “இவனா ஹீரோ? அந்தத் தோட்டக்காரப் பையன் முதுகுல தூக்கிட்டுப் போகலேன்னா மலையே ஏறியிருக்க மாட்டான்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அந்தக் கதையின் அச்சாணியே அதுதான். விளக்க ஆரம்பித்தேன், காபி ஆறிப்போனது. அன்று சொன்னதையும் சொல்ல வராமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

காவியத் தலைவன் எப்படி இருக்கவேண்டும் என்பதில் நமக்குக் குழப்பமே கிடையாது. தனக்கு நிகரில்லாத தலைவன் ஒருவன் வேண்டும் என்று தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறது. வில்லை ஒடிப்பவன், தேரைக் கண்ணனே ஓட்டவரும் அளவுக்குப் பெரியவன். (இளங்கோவடிகள் அந்த இலக்கணத்துக்குக் காத்திருக்காமல் ஒரு வணிகனையும் அவன் மனைவியையும் வைத்தே காப்பியம் செய்தார் என்பது வேறு விஷயம். கையில் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவைக்குள் நுழைந்தவளை யார் எதிர்பார்த்தார்கள்?)

எளியவர்களுக்கும் நம் கதைகளில் இடம் உண்டு. ஓரத்தில். இராமர் பாலத்து அணிலை எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகியில் அது இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் வருகிறது: குரங்குகள் மலைகளைப் புரட்டிவர, அணில்கள் தண்ணீரில் குளித்து, மணலில் புரண்டு, ஓடிப்போய்க் கடலை அடைக்கப் பார்க்கின்றன. ‘சலமிலா அணில்’ என்கிறார் ஆழ்வார், வஞ்சகம் தெரியாத அணில். அதைப்போலக்கூட நான் இல்லையே என்று தன்னையே நொந்துகொள்கிறார். அணிலுக்குக் கிடைத்தது பாதிப் பாட்டு. பிற்பாடு மக்கள் சொன்ன கதையில் முதுகில் மூன்று கோடும் கிடைத்தது. அப்புறம் கதை இராமனிடம் திரும்பிப் போய்விடும்.

இன்னொருவன் உத்தரகுமாரன். வாய்ச்சொல் வீரனுக்கு நாம் வைத்திருக்கும் பட்டப்பெயரே அவனுடையதுதான். விராட நாட்டு மாடுகளைக் கௌரவர்கள் ஓட்டிக்கொண்டு போனபோது, அந்தப்புரத்துப் பெண்கள் நடுவில் நின்று மார்தட்டுகிறான். தேர் ஓட்ட வருவது பிருகன்னளையாக வேடம் போட்ட அர்ச்சுனன். எதிரே படையைப் பார்த்ததும் உத்தரன் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பின்னல் ஆட, சேலை பறக்க, பிருகன்னளை துரத்திக்கொண்டு ஓடித் தலைமயிரைப் பிடித்து இழுத்துவருகிறாள். பார்த்துக்கொண்டிருந்த கௌரவப் படை சிரிக்கிறது. தெருக்கூத்தில் இந்த இடம் வந்தால் தூங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சிரித்து முடித்த பிறகு நடப்பதை நாம் கவனிப்பதில்லை. அதே உத்தரன் வன்னி மரத்தில் ஏறுகிறான். யாரும் கிட்டே வராமலிருக்கப் பாண்டவர்கள் அந்த மரத்தில் ஒரு பிணத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நடுங்கிக்கொண்டேதான் ஏறுகிறான், ஆனாலும் ஏறி ஆயுதங்களை இறக்குகிறான். பிறகு பீஷ்மரும் துரோணரும் கர்ணனும் நிற்கும் படைக்கு நேராகத் தேரை ஓட்டுகிறான். குருக்ஷேத்திரத்தின் முதல் நாளில், யானைமேல் ஏறிச் சல்லியனின் தேர்மீது மோதி, சல்லியன் கையால் செத்துப்போகிறான். ஓடிப்போனவன் என்று நாம் சிரிக்கிற பையன், பதினெட்டு நாள் போரின் முதல் நாளிலேயே விழுந்தவர்களில் ஒருவன். இன்றைய ஃபேன்டசி எழுத்தாளர் கையில் இது கிடைத்திருந்தால் கதை வன்னி மரத்தடியில் தொடங்கி அந்த யானைமேல் முடிந்திருக்கும். அர்ச்சுனன் துணைப் பாத்திரம்.

அந்த இடமாற்றத்தைத்தான் இருபதாம் நூற்றாண்டு செய்தது. அணிலைத் தூக்கி நடுவில் வைத்தது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய ஜே.ஆர்.ஆர். டோல்கீன் அதற்கு முன்னால் 1937இல் வெளியிட்ட ‘ஹாபிட்’ அதன் தொடக்கம் என்று சொல்லலாம். பில்போ பேகின்ஸுக்கு வயது ஐம்பது, உயரம் நம் இடுப்பளவு. வீட்டு அலமாரியில் என்ன பலகாரம் இருக்கிறது என்பதுதான் அவன் பெரிய கவலை. அவனை டிராகனின் மலைக்குள் அனுப்புகிறார்கள். சுரங்கப் பாதையில் தனியாக நடக்கிறான். தூரத்தில் சிவப்பு வெளிச்சம், கொதிக்கிற பானை போல ஒரு குறட்டைச் சத்தம். பில்போ அங்கேயே நின்றுவிடுகிறான். டிராகனை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. பிறகு அடுத்த அடி எடுத்துவைக்கிறான். அவன் வாழ்நாளிலேயே மிகத் துணிச்சலான காரியம் அந்த ஓரடிதான், பின்னால் நடந்தவை எல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை என்கிறார் டோல்கீன். கத்தி வீச்சு இல்லை, சண்டை இல்லை, பார்த்துக் கைதட்ட ஆளும் இல்லை.

இப்படி எழுத ஒரு மனிதனுக்கு எங்கிருந்து தோன்றும்? ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர்தான். ஆனால் அதற்கு முன் 1916இல் பிரான்சில் சொம் போர்முனையில் சிக்னல் அதிகாரியாக இருந்தவர். அந்தப் போரின் முதல் நாள், ஜூலை 1, ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,000 பேருக்கு மேல் அடிபட்டார்கள் அல்லது செத்தார்கள், செத்தவர்கள் மட்டும் 19,000க்கு மேல். பள்ளிக்கால நண்பர்களில் ராப் கில்சன் அன்றே போனார். டிசம்பரில் ஜெஃப்ரி பேச் ஸ்மித் போனார். பேன் பரப்பும் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்ததால் நவம்பரிலேயே ஊருக்கு அனுப்பப்பட்டிருந்த டோல்கீன் பிழைத்தார். 1918க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று பின்னால் ஒரு முன்னுரையில் எழுதினார்.

அங்கே அவர் கண்ட வீரன் யார்? பதக்கம் குத்திய தளபதி இல்லை. அதிகாரியின் மூட்டையைச் சுமந்து, சேற்றில் அடுப்பு மூட்டித் தேநீர் போட்டு, கூடவே நடந்த சாதாரணச் சிப்பாய். நம் ஊரில் ஆர்டர்லி என்போமே, அந்த ஆள். ஃப்ரோடோவின் தோட்டக்காரன் சாம், தான் 1914 போரில் பார்த்த சிப்பாய்கள், ஆர்டர்லிகளின் சாயல்தான் என்றும், அவர்கள் தன்னைவிட எவ்வளவோ மேலானவர்கள் என்றும் டோல்கீனே சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் சித்தப்பா ஜன்னலைக் காட்டினார். “நம்ம தம்பிங்க மாதிரி.” அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் இருக்கிறது. 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படை, இராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப்பெயரே ‘தம்பி’. பாலம் கட்டுவது, பள்ளம் தோண்டுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. காவியத்தில் யாரும் பாடாத வேலை. இரண்டாம் உலகப்போரில் அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ என்ற ஊருக்கு அருகே, மிதிபட்ட கண்ணிவெடி ஒன்றின்மேல் பாய்ந்து படுத்துத் தன் ஆட்களைக் காப்பாற்றினார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து ஆள். யோசித்து முடிவெடுக்க அவருக்கு எத்தனை விநாடி கிடைத்திருக்கும்? ஏரியைச் சுற்றி நடக்கிற எத்தனை தமிழருக்கு இது தெரியும் என்று சித்தப்பா கேட்டார். எனக்கே அன்றுதான் தெரியும், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, போர் அனுபவம் ஒரு பாதி. மறுபாதி டோல்கீன் படித்த பழைய வடஐரோப்பியக் கதைகள். நார்ஸ் புராணத்தில் கடைசிப் போரில் தேவர்களே தோற்றுவிடுவார்கள், அது அவர்களுக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் களத்துக்குப் போகிறார்கள். ‘பேயோவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தைப் பற்றி 1936இல் ஆற்றிய உரையில் டோல்கீன் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்: தோற்பதால் ஒருவன் செய்தது தப்பு என்று ஆகிவிடாது.

கம்பனைப் படித்தவர்களுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. கும்பகர்ணன் என்ன செய்கிறான்? அண்ணன் செய்தது தப்பு என்று தெரியும். போனால் சாவுதான் என்றும் தெரியும். இராமன் பக்கம் வந்துவிடு என்று தம்பி விபீடணன் வந்து அழைக்கிறான். நீரில் போட்ட கோலம் போன்ற இந்த வாழ்வுக்கு ஆசைப்பட்டு, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று சொல்லித் தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சண்டையில் இறங்குகிறான். ஜெயிக்கும் நம்பிக்கையே இல்லாத துணிவு. கும்பகர்ணன் மலை போன்ற அரக்கன். டோல்கீன் அதே துணிவை இடுப்பளவு ஆளுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு வேலையும் செய்தார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. கதையில் அசல் அரச வாரிசு ஒருவன் இருக்கிறான், அரகார்ன். நம் பழைய படங்களில் தோள் மச்சத்தைப் பார்த்து “நீதானா அந்த இளவரசன்” என்பார்களே, அந்த வகை. உடைந்த வாள், பழைய தீர்க்கதரிசனம், எல்லாம் உண்டு. கடைசியில் அவன் படைதிரட்டி எதிரியின் வாசலில் போய் நிற்கிறான். எதற்கு? ஜெயிக்க முடியாது என்று அவனுக்கே தெரியும். எதிரியின் கண் தன்மேல் இருக்கட்டும், அந்த நேரத்தில் இரண்டு குட்டி ஆட்கள் மலை ஏறிவிடட்டும் என்பதற்கு. ராஜாவின் பெரும்போர் வெறும் பராக்கு. அணிலுக்காக இராமன் கடற்கரையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த மாதிரி.

இப்போது சித்தப்பாவின் புகாருக்கு வருவோம். கடைசியில் ஏன் காலை வாரினான்?

ஆசிரியரே ஒரு வாசகிக்கு 1963இல் எழுதிய கடிதத்தில் ஃப்ரோடோ நாயகனாகத் தோற்றான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதை ஒழுக்கக் குறைவு என்று அவர் எண்ணவில்லை. அந்த இடத்தில், மாதக்கணக்கில் அந்த மோதிரத்தைச் சுமந்து, பசியிலும் தாகத்திலும் நைந்துபோன பிறகு, யாராலும் அதை மனசாரத் தூக்கிப் போட்டிருக்க முடியாது. அங்கே கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவனால் ஆன வேலை, அதைச் செய்துவிட்டான். மோதிரத்தை நெருப்பில் விழவைத்தது கொல்லம் என்கிறவன், முன்பு மோதிரத்தை வைத்திருந்து அதற்காகவே பின்தொடர்ந்து வந்தவன், ஃப்ரோடோவின் விரலைக் கடித்துப் பிடுங்கிக்கொண்டு துள்ளிக் கால் தவறி விழுந்தவன்.

கொல்லம் அதுவரை உயிரோடு இருந்தது எப்படி? ஏறக்குறைய எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குகை இருட்டில், பிற்பாடு மோதிரத்தை ஃப்ரோடோவுக்கு விட்டுச்சென்ற பில்போவின் வாள் அவன் கழுத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. போட்டவரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் அந்த மோதிரத்தைப் போட்டிருந்த பில்போவை அவனால் பார்க்கவும் முடியாது. குத்தியிருக்கலாம். பாவமாக இருந்தது, குத்தவில்லை, தாண்டிக் குதித்து ஓடிவிட்டான். யாருக்கும் தெரியாத அந்த ஒரு கணம்தான் எரிமலை வாயில் போய்ப் பலித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1937இல் வந்த ‘ஹாபிட்’ முதல் பதிப்பில் இந்தக் காட்சியே கிடையாது. அதில் விடுகதைப் போட்டியில் தோற்ற கொல்லம், சொன்ன சொல் தவறாமல் பில்போவுக்கு வெளியே போக வழி காட்டிவிடுகிறான். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற பெரிய கதையை எழுதும்போதுதான் முடிவைத் தாங்க ஒரு தூண் வேண்டும் என்று டோல்கீனுக்குப் புரிந்திருக்கிறது. பழைய அத்தியாயத்தைத் திருத்தினார், 1951 பதிப்பில் இரக்கம் உள்ளே வந்தது. வீடு கட்டி முடித்துவிட்டு அடித்தளத்தை மாற்றிய கொத்தனார் என்றுதான் அவரைச் சொல்லவேண்டும்.

ஊர் திரும்பிய ஃப்ரோடோ நன்றாகவும் இல்லை. காயம்பட்ட தேதி வரும்போதெல்லாம் உடம்பு படுத்துகிறது. மற்றவர்கள் கல்யாணம் காட்சி என்று இருக்க அவனால் ஒட்டமுடியவில்லை, கடைசியில் கப்பலேறிப் போய்விடுகிறான். போர்முனையிலிருந்து திரும்பிய எத்தனையோ பேரின் கதை அது.

சாம் விஷயத்தில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. வாய்க்கு வாய் ‘ஐயா, ஐயா’. குகனின் பக்தியைப் பாடியே பழகிய நமக்கு அது உறுத்தாமல் போய்விடலாம், அதனாலேயே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். வேலைக்காரனின் விசுவாசத்தை மெச்சுவதும் அவனை வேலைக்காரனாகவே வைத்திருப்பதும் பல சமயம் ஒரே ஆள் செய்கிற காரியம். டோல்கீன் அவனைப் பிற்பாடு ஊர்த்தலைவராக ஆக்கினார், ஏழு முறை. மோதிரம் சாமையும் ஒருமுறை ஆசைகாட்டிப் பார்க்கிறது: பாலைவனத்தையே பூந்தோட்டமாக்கும் மாவீரன் சாம்! தன் கையால் பார்த்துக்கொள்ள ஒரு சின்னத் தோட்டம் போதும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அதனால் தப்பித்தான்.

டோல்கீனுக்குப் பின் வந்தவர்களில் பாதிப்பேர் எளிய நாயகன் என்ற பெயரில் மச்சக்காரனைத்தான் எழுதினார்கள். மாடு மேய்க்கும் பையன், ஆனால் தொலைந்துபோன அரச ரத்தம். ஜாதகத்திலேயே எழுதியிருந்தால் அவன் எளியவனே இல்லை, மாறுவேடத்தில் இருக்கிற பெரிய மனிதன். ஹாரி பாட்டரைவிட அவன் வகுப்புத் தோழன் நெவில் எனக்கு உசத்தியாகப் படுவது அதனால்தான். ஹாரியைப் பற்றிய தீர்க்கதரிசனம் அவனுக்கும் பொருந்தியிருக்கும், மயிரிழையில் தவறியது. முதல் புத்தகத்தில் தன் நண்பர்களையே வழிமறித்து நிற்கிறான், அவர்கள் போட்ட மந்திரத்தில் கட்டிப்போட்ட கட்டை போல விழுகிறான்.

உர்சுலா லெ குவின் வேறு பாதையில் போனார். 1968இல் வந்த ‘எர்த்ஸீ மந்திரவாதி’யின் கெட், ஆடு மேய்த்த பையன், செம்பழுப்பு நிறம். அந்தக் காலத்து ஆங்கில ஃபேன்டசியில் அப்படி ஒரு நாயகன் அபூர்வம். 2004இல் தொலைக்காட்சித் தொடர் எடுத்தவர்கள் அவனை வெள்ளைக்காரன் ஆக்கியபோது அவர் பகிரங்கமாகவே கடிந்துகொண்டார். கெட் கர்வத்தில் ஒரு நிழலை ஏவிவிட்டுவிட்டு அதற்குப் பயந்து ஊர் ஊராக ஓடுகிறான். ஓட ஓட அது பலம் பெறுகிறது. திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார் பழைய குரு. கடைசியில் கடல் நடுவில் அதற்கு நேராக நின்று அதன் பெயரைச் சொல்லி அழைக்கிறான். அது அவனுடைய பெயர். ஒரு கொலைகூட இல்லாமல் உச்சக்காட்சி முடிகிறது.

“எல்லாம் வெளியூர்க் கதை” என்றார் சித்தப்பா. அதனால் அடுத்த ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஹலசூரு (அல்சூர்தான்) மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம். இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறார், உள்ளே வந்ததே இல்லை. மத்தூருக்குப் பக்கத்து ஆதகூரிலிருந்து கொண்டுவந்த கல் அங்கே இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு. 949இல் நடந்த தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டதை அது சொல்கிறது. நாம் ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்தான். கொன்றது இராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன். சோழர், இராஷ்டிரகூடர் என்று இரண்டு பேரரசுகள் மோதிய போர்.

ஆனால் கல்லை நட்டது அதற்காக அல்ல. போரில் நன்றாகச் சண்டை போட்ட மணலேரன் என்ற வீரனிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவன் கேட்டது ஒரு நாயை. பெயர் காளி. பிறகு அது ஒரு காட்டுப்பன்றியோடு சண்டையிட்டது, இரண்டும் செத்தன. அந்த நாய்க்கு வைத்த நடுகல் இது. பூசைக்கு நிலம் விட்டிருக்கிறார்கள். கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிடுகிற பூசாரிக்கு நாயின் பாவம் வந்து சேரும் என்றும் எழுதியிருக்கிறார்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூரிலும் ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கல் வைத்தார்கள். எசமான் மாண்டபின் கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுப் பக்கத்திலேயே நின்ற நாய், பெயர் கோவிவன். தண்டியலங்காரம் எழுதப்படும் முன்பே, காப்பியத்துக்கு வெளியே, கல் தச்சர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கிறது.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கடைப்பலகைக் கன்னடம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. இது ஹளெகன்னடம், அதாவது பழைய கன்னடம், ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. மேலே செதுக்கியிருந்த நாயையும் பன்றியையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நாய்க்குப் பேர் போட்டிருக்கான்னு சொன்னே.”

“ஆமா சித்தப்பா. காளி.”

“பன்னிக்கு?”

“அதுக்குப் பேர் போடலே.”

“அதுவும் ஓடாமத்தானே நின்னுச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்தார்.